கால் கேட்டேன், பந்து வந்தது

1993ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு புதன்கிழமை பின்னேரம், என் இடுப்புக்குக் கீழே எல்லாம் நின்றுபோனது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தப் பிரெஞ்சு பேசும் நகரத்தில், தையல் தொழிற்சாலையில் வேலை முடிந்து, கூட வேலை செய்யும் பெண் ஒருத்தியின் காரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். நெடுஞ்சாலை முழுக்கப் பனிக்கட்டி. கார் ஒருமுறை சுழன்று, என் பக்கமாகச் சுவரில் மோதியது. ஓட்டி வந்தவளுக்கு ஒரு கீறலும் இல்லை. அதற்கு அப்போதும் நன்றி சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். எனக்கு முள்ளந்தண்டு முறிந்தது. அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. மகள் ஆரணிக்கு ஐந்து.

இதை வாசிக்கிற அம்மன் அடியார்கள், கடைசியில் நான் எழுந்து நடந்தேன் என்று எழுதப்போகிறேன் என எண்ண வேண்டாம். நான் நடக்கவில்லை. இனி நடக்கப்போவதுமில்லை. ஆனாலும் என் வேண்டுதலுக்குப் பதில் கிடைத்தது. அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் ஆஸ்பத்திரியிலும், சக்கர நாற்காலியில் வாழப் பழக்குகிற இடத்திலும் போனது. பிறகு நகரின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் படியில்லாத ஒரு கீழ்வீடு எடுத்தோம். என் கணவருக்கு டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை. விடிய எழும்பி என்னைக் கழுவி, உடுப்பு மாற்றி, நாற்காலியில் இருத்துவார். ஆரணியைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டு ரயிலுக்கு ஓடுவார். அதன் பிறகு ஆரணி திரும்பி வரும்வரை வீட்டில் நான் மட்டும். ரிவி ஓடும். நான் அதைப் பார்ப்பதில்லை.

களைப்பு என்றால் எனக்கு முன்பே தெரியும். தொழிற்சாலையில் நாள் முழுக்கத் தைத்துவிட்டு வருகிற களைப்பு படுத்தெழும்பினால் போய்விடும். இது ஒன்றும் செய்யாமலே வந்த களைப்பு. எத்தனை மணித்தியாலம் தூங்கினாலும் போகவில்லை.

என் கணவரின் அக்கா பக்கத்துப் பகுதியான பியர்பொன்ட்ஸில் இருக்கிறா. எனக்கு மச்சாள். அவ இல்லாவிட்டால் நாங்கள் அந்த வருடங்களில் பட்டினி கிடந்திருப்போம். வெள்ளிக்கிழமைகளில் சமைத்த சாமான்களோடு வந்து, என்னைக் காரில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப்போவா. அப்போது எங்கள் கோயில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. பதினாலு படி. நாலு ஆண்கள் என்னை நாற்காலியோடு தூக்குவார்கள். நல்ல மனிதர்கள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் தூக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். சேலை விலகுகிறதா, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பிலேயே அம்மனின் முன்னால் போய்ச் சேருவேன்.

அங்கே நான் கேட்டது ஒன்றுதான். கால். நடந்தால் பாற்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்தேன். மச்சாள் எனக்காகச் செவ்வாயும் வெள்ளியும் விரதம் பிடித்தா. "அம்மாளாச்சி கைவிடமாட்டா, வசந்தி. நீ மனசைத் தளரவிடாத" என்பா. நான் ஓம் என்று தலையாட்டுவேன். ஒரு வருடம் போனது. இரண்டாவது வருடமும் தொடங்கியது. என் கால்கள் மெலிந்துகொண்டே வந்தன.

இனி எழுதப்போவது வெட்கமான விஷயம். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்கள் கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பை இருக்கையிலிருந்து தூக்கி, கொஞ்ச நேரம் பிடித்திருந்து இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடம் அழுந்தி, தோல் செத்து, புண் வரும். வலி தெரியாததால் புண் வந்ததும் தெரியாது. இதை எனக்கு நன்றாகச் சொல்லித்தந்திருந்தார்கள். நானும் இரண்டு வருடம் ஒழுங்காகச் செய்தேன். 1995 வைகாசியில் ஒருநாள் செய்யவில்லை. அடுத்த நாளும் செய்யவில்லை. இனி என்னை நானே கழுவிக்கொள்கிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டதால் அவரும் காணவில்லை. சாகவேண்டும் என்று நான் முடிவெடுத்ததாக நினைக்காதீர்கள். அப்படி முடிவெடுக்கவும் ஒரு தெம்பு வேண்டும். தூக்கவில்லை, அவ்வளவுதான். தூக்கி என்ன செய்யப்போகிறேன் என்று இருந்தது.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மச்சாள் உள்ளே வந்தவுடன் நின்றா.

"வசந்தி, என்ன மணம் இது?"

"தெரியேல்லை மச்சாள். குப்பை கட்டேல்லைப் போல."

அவ என்னைக் கட்டிலில் ஏற்றித் திருப்பிப் பார்த்தா. போர்வையை இழுத்து மூடிவிட்டு ரெலிபோனடிக்குப் போனா. அம்புலன்ஸ் வந்தது.

புண் எலும்புவரை போயிருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். வாரக்கணக்கில் குப்புறப் படுத்திருந்தேன். தரையும் வருகிறவர்களின் சப்பாத்துகளும்தான் எனக்குத் தெரிந்தன. ஒருநாள் என் கணவரும் ஆரணியும் நின்றபோது டொக்டர் வந்தார். அவர் பேசியது பிரெஞ்சு. என் கணவருக்குச் சமையலறைப் பிரெஞ்சுதான் தெரியும். எனக்கு அதுவும் இல்லை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஆரணிதான் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. டொக்டர் முதலில் தயங்கினார். பிறகு குனிந்து, அவளுடைய முகத்துக்கு நேரே மெதுவாகப் பேசினார்.

ஆரணி என் கட்டிலுக்குக் கீழே வந்து நிலத்தில் இருந்தாள். அப்போதுதான் எனக்கு அவளுடைய முகம் தெரிந்தது.

"அம்மா, டொக்டர் சொல்லுறார், நீங்கள் உங்களைத் தூக்காட்டில் திருப்பியும் புண் வருமாம். பிறகு அது ரத்தத்துக்குள்ள போயிடுமாம்." கொஞ்சம் யோசித்தாள். அடுத்த சொல்லுக்குத் தமிழ் தேடுகிறாள் என்று விளங்கியது. "பிறகு அம்மா இல்லையாம்."

அவள் என் முகத்துக்கு இன்னும் கிட்ட வந்தாள்.

"ஏன் அம்மா தூக்கேல்லை?"

ஏழு வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்வது? என் கணவர் அவளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலை, தாதி காயத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, நான் அம்மாளாச்சியிடம் கதைத்தேன். பாட்டில்லை, மந்திரமில்லை. கண்ணீர்கூட வரவில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மாளாச்சி, எனக்கு அலுத்துப்போச்சு. இனிக் கால் கேக்கமாட்டன். நான் என்னைத் தூக்குறதுக்கு ஏதாவது ஒரு காரணம் தா. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு மறுமொழி தா. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசியில் வீட்டுக்கு வந்தேன். ஆரணியின் கேள்விக்குப் பயந்து, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து என்னைத் தூக்கினேன். தூக்குவேன், எண்ணுவேன், இறக்குவேன். மற்றபடி பழைய வீடு, பழைய ஜன்னல். பனி கொட்டியது, கரைந்தது. நான் அப்படிக் கேட்டு எட்டு மாதம் போனது. அம்மாளாச்சிக்குக் கேட்கவில்லை என்றே நினைத்தேன். கோபம்கூட வரவில்லை.

1996 சித்திரை மாதம், காயத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, நடக்கமுடியாதவர்களை ஏற்றி இறக்குகிற வான் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த வானில் நாம் மட்டும் வருவதில்லை. வழியில் இன்னும் இரண்டு பேரை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். அன்று ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏறினாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவளும் சக்கர நாற்காலியில்தான். ஆனால் கூடவே இன்னொரு நாற்காலியையும் கொண்டுவந்தாள். அதன் சக்கரங்கள் கீழே அகன்றும் மேலே உள்ளே சாய்ந்தும் இருந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "பாஸ்கெட்போல்" என்றாள். நான் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். எனக்கு ஒருவருடனும் கதைக்க விருப்பமில்லை.

ஒரு விளையாட்டு மண்டபத்தின் வாசலில் அவளை இறக்கினார்கள். அவளை நாற்காலியோடு இறக்கிய வானின் மின்தட்டு மேலே திரும்பி வரவில்லை. பாதியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் ஹெயிட்டிக்காரர். மழையில் நனைந்துகொண்டு பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். வேறு வான் வர ஒன்றரை மணித்தியாலம் ஆகும், குளிரில் இருக்காமல் உள்ளே போங்கள் என்று சொல்லி, இரண்டு பலகையை வைத்து என்னை இறக்கினார். ஆஸ்பத்திரியில் அரைநாள் போனது போதாதென்று இதுவுமா என்று இருந்தது. கோட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு மண்டபச் சுவரோரம் போய் இருந்தேன்.

உள்ளே ஏழெட்டுப் பேர். ஆண்களும் பெண்களும். எல்லோரும் நாற்காலியில். ஒருவரை ஒருவர் இடித்து, சக்கரம் சக்கரத்தில் மோத, பந்தோடு ஓடினார்கள். நான் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. அவ்வளவு சத்தம், அவ்வளவு வேகம். கண்ணை மூடினேன்.

என் கால்தட்டில் எதுவோ இடித்தது. கண்ணைத் திறந்தால் பந்து. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாராவது வந்து எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். மூன்று வருடமாக எனக்குப் பக்கத்தில் விழுந்த எதையும் யாரோ ஒருவர்தான் வந்து எடுத்தார். ஒருவரும் வரவில்லை. வானில் வந்த பெண், அவளுடைய பெயர் ஜோஸ்லின் என்று பிறகு தெரிந்தது, பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னாள். "பந்து உன்னிடம்தானே இருக்கிறது. எறி."

குனிந்தேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அப்படிக் குனிந்ததில்லை. பந்து கையில் வந்ததும் கைகள் தாமாகவே தலைக்கு மேலே போயின. பள்ளிக்கூடத்தில் நான் வலைப்பந்து விளையாடினவள். வளையத்துக்கு எறிவதுதான் என் இடம். வலைப்பந்தில் பந்தைப் பிடித்த பிறகு ஓடக்கூடாது, நின்ற இடத்திலிருந்துதான் எறிய வேண்டும். அதே மாதிரி எறிந்தேன். பந்து வளையத்துக்குக் கிட்டவும் போகவில்லை. பாதி வழியில் விழுந்து உருண்டது.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் கைதட்டவும் இல்லை. ஜோஸ்லின் பந்தை எடுத்து மறுபடி எனக்கு எறிந்தாள். இரண்டாவதும் எட்டவில்லை. மூன்றாவது வளையத்தின் கீழ்வலையைத் தொட்டது. நான் கோட்டைக் கழற்றினேன்.

இனிச் சொல்லப்போவதைத்தான் நான் அம்மாளாச்சியின் பதில் என்று நம்புகிறேன். இடைவேளையில் அவர்கள் தண்ணீர் குடிக்கச் சுவரோரம் வந்து, எனக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். ஹொக்கியைப் பற்றி ஏதோ வாக்குவாதம். கதைத்துக்கொண்டே ஒருவர் சக்கரத்தில் கையை ஊன்றித் தன்னைத் தூக்கினார். கதையை நிறுத்தவில்லை. இறங்கினார். அடுத்தவள் தூக்கினாள். ஜோஸ்லின் ஆப்பிள் கடித்து முடித்துவிட்டுத் தூக்கினாள். ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ஒருவரும் எண்ணவில்லை. விளையாட வேண்டும், அதற்கு உடம்பு வேண்டும், அதனால் தூக்கினார்கள். தும்மல் வந்தால் தும்முகிற மாதிரி.

பார்த்துக்கொண்டிருந்த நானும் கையை ஊன்றினேன். தூக்கியபடியே இருந்தேன். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் நான் கேட்டது நினைவுக்கு வந்தது. கண்ணீர் வந்தது. அந்த மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் நான் ஏன் அழுகிறேன் என்று தெரியாது. ஜோஸ்லின் ஒரு கடதாசித் துவாயைத் தந்துவிட்டுத் திரும்பி விளையாடப் போனாள்.

புறப்படும்போது என் நம்பரை வாங்கியிருந்த அவள் அடுத்த திங்கட்கிழமை எனக்கு ரெலிபோன் எடுத்தாள். ஒவ்வொரு செவ்வாயும் தன்னை ஏற்றுகிற வானுக்கு என் பெயரையும் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். டொக்டரிடம் கேட்டேன். நாற்காலி மெத்தையை மாற்றி, தோலைத் தினமும் பார்த்தால் போகலாம் என்றார். வீட்டில்தான் பிரச்சினை.

"கால் ஏலாதவ பந்தடிக்கப் போறதோ?" என்றா மச்சாள். "புண் இப்பதானே மாறினது. ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"ஆக்கள் இப்பவும் கதைக்கினம்தானே மச்சாள்."

அவ குரலைத் தாழ்த்திச் சொன்னா. "நாங்கள் அம்மாளாச்சியிட்டக் கால் கேட்டுக்கொண்டு இருக்கிறம். நீ கதிரையிலயே விளையாடத் துவங்கினால், இவளுக்கு நடக்கிற எண்ணமில்லை எண்டு அவ நினைக்கமாட்டாவோ?"

அவ எனக்காக எத்தனை நாள் பட்டினி கிடந்தவ. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. என் கணவரைப் பார்த்தேன். அவர் சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தார்.

"நீர் என்ன நினைக்கிறீர்?" என்று திரும்பாமலே கேட்டார்.

"எனக்குப் போகவேணும் போல கிடக்கு."

அவருடைய கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. மூன்று வருடமாக, என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்றே நான் சொல்லி வந்திருக்கிறேன்.

"அப்ப போம்" என்றார்.

போனேன். சுலபமாக இருந்ததென்று சொல்லமாட்டேன். முதல் மாதங்களில் தோள்கள் நெருப்பாக எரிந்தன. உள்ளங்கை பொக்களித்தது. வான் ஒருநாள் முந்தி வரும், ஒருநாள் பிந்தி வரும். மற்றவர்கள் விளையாடி வளர்ந்தவர்கள், நான் பலகையில் பட்டு வரும் பந்தைப் பிடிக்கவே அரை வருடம் எடுத்தேன். வலைப்பந்தில் பலகை கிடையாதே. ஜோஸ்லினுக்கும் களைப்புத்தான். சிறுவயதில் போலியோ வந்தவள். நாள் முழுக்க ஓர் அலுவலகத்தில் ரெலிபோன் எடுக்கிற வேலை. ஒருநாள் வானில் கேட்டேன், உனக்கு அலுக்காதா என்று. "அலுக்கும்" என்றாள். "வீட்டில் இருந்தாலும் அலுக்கும். இங்கே வந்து அலுத்தால் தூக்கம் வரும்." அது சரிதான். செவ்வாய்க்கிழமைகளில் நான் நன்றாகத் தூங்கத் தொடங்கினேன்.

1997 பங்குனியில் முதல் போட்டி, டவுன்டவுனில் ஒரு மண்டபத்தில். என் கணவர் இரண்டு வேலை நேரத்துக்கும் நடுவே சமையலறைச் சப்பாத்தோடு ஓடி வந்தார். ஆரணியைக் கூட்டிக்கொண்டு மச்சாளும் வந்திருந்தா. இரண்டாம் பாதியில் ஒருத்தி வந்து இடித்ததில் நான் நாற்காலியோடு பக்கவாட்டில் விழுந்தேன். விழுந்த சத்தத்தில் மண்டபம் அமைதியானது. அடுத்த கணம் என் கணவர் மைதானத்துக்குள் ஓடி வருவது தெரிந்தது. நடுவர் அவரை மறித்து வெளியே போகச் சொன்னார். அவர் போகாமல் நின்றார்.

"அவவை விடுங்கள்" என்று ஜோஸ்லின் சொன்னாள். "அவவுக்கு எழும்பத் தெரியும்."

தெரியும். பட்டியால் நாற்காலியோடு கட்டியிருந்தபடியே, ஒரு கையை நிலத்தில் ஊன்றி, மறு கையால் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளி நிமிர்ந்தேன். மூன்றாவது முயற்சியில்தான் வந்தது. என் கணவர் மைதானக் கோட்டுக்கு வெளியே போய் நின்றார். முகத்தைக் கையால் துடைத்தார்.

அந்தப் போட்டியில் நன்றாகத் தோற்றோம். நான் போட்டது ஒரே ஒரு கூடை. திரும்பும்போது காரில் ஆரணி, "அம்மா விழுந்து எழும்பினதை என்ர வகுப்பில சொல்லப்போறன்" என்றாள். அவள் என்னைப் பற்றி வகுப்பில் ஏதும் சொன்னதாக அதற்கு முன் எனக்கு நினைவில்லை. அவளுடைய அந்தப் பழைய கேள்விக்கு நான் இன்றுவரை வாயால் மறுமொழி சொல்லவில்லை. அவளும் அதை மறுபடி கேட்கவில்லை.

மச்சாள் எங்களை வீட்டில் இறக்கும்போது என் நெற்றியில் விபூதி பூசினா. "நான் கேட்டது வேற, அவ தந்தது வேற" என்றா. "பரவாயில்லை. தந்தவதானே." அதற்குப் பிறகும் அவ விரதம் பிடிக்கிறா. கால் கேட்கிறாவா, வேறு ஏதும் கேட்கிறாவா என்று நான் விசாரிப்பதில்லை.

இப்போது 1998 ஐப்பசி. எனக்கு வயது முப்பத்தேழு. களைப்பு முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். குளிர்காலத்தில் தோள் நோகும். வருடத்துக்கு இரண்டு முறை காய்ச்சலில் விழுவேன். சில காலைகளில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஆனால் மூன்று வருடமாகப் புண் வரவில்லை. போன வருடம் முதல், பாதி நாள் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். எங்கள் குழுவுக்கு இன்னொரு தமிழரும் வந்திருக்கிறார். ஊரில் நடக்கிற போரில் ஷெல்லடியில் ஒரு காலை இழந்தவர், நாற்பத்தைந்து வயது. வந்த புதிதில் வாய் திறக்கமாட்டார். இப்போது அவரும் நடுவரும் ஒவ்வொரு கிழமையும் சண்டை.

அம்மாளாச்சிக்கு நான் செய்யவேண்டிய நன்றியை எப்படிச் செய்வதென்று தெரியவில்லை. பாற்குடம் எடுக்க முடியாது, அது நடந்தால் என்று நேர்ந்தது. அதனால் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் சுவரைப் பார்த்தபடி இருக்கலாம். அவருக்காக நீங்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருக்கலாம். நிறுத்தாதீர்கள். அழகாக வேண்டத் தேவையில்லை. எனக்கு ஏலாது என்று மட்டும் சொன்னாலும் அவவுக்குக் கேட்கும். பதில் எட்டு மாதம் பிந்தி வரலாம். நாம் கேட்ட உருவத்தில் வராமலும் போகலாம். வந்ததும் கையை நீட்டுங்கள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். அந்த ஒருவரின் பெயரை மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் அவருடன் கதைக்கிறேன்.